கொஞ்சம் தள்ளிக்கோ

என் அண்ணன் பெண்டாட்டியைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு எழும்பாது. கெட்டதாகச் சொல்லலாம் என்று தேடினால் அதுவும் அகப்படாது. அதுதான் எரிச்சல். பெயர் எதற்கு? எங்கள் வீட்டில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு மைனி, அம்மாவுக்கு 'ஏ தாயி', அண்ணனுக்கு 'இங்க பாரு'. நேரில் நானும் 'வாங்க மைனி, போங்க மைனி' என்றுதான் பேசினேன். மனதுக்குள் மட்டும் எப்போதும் 'அவள்'தான்.

அவள் பம்பாய்க்கு வெளியே உல்லாஸ்நகரில் பிறந்து வளர்ந்தவள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, அங்கே ஜீன்ஸ் தைக்கும் பட்டறையில் இருந்தார். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸுகளுக்கு ஒத்தாசையாக வேலை பார்த்தாள். தினமும் லோக்கல் டிரெயினில் தாதர் வரை வந்து போவாள். அந்த வண்டிகளின் லேடீஸ் டப்பாவில், அதுதான் பெண்கள் பெட்டியில், ஒரு வழக்கம் உண்டு. மூன்று பேர் உட்காரும் பலகைக்கு முன்னால் நாலாவதாக ஒருத்தி வந்து நின்று, 'கொஞ்சம் தள்ளிக்கோ' என்பாள். உட்கார்ந்திருக்கும் மூவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஆளுக்கு இத்தனூண்டு நகர்ந்து கொடுப்பார்கள். நாலாமவள் பாதி இடுப்பைப் பலகையிலும் பாதியை அந்தரத்திலும் வைத்து உட்கார்ந்து வருவாள். மாட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது, அது எழுதாத சட்டம். இந்த நாலாவது சீட்டிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து வளர்ந்தவள் அவள்.

எங்கள் வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். அம்மா, அண்ணன், நான்.

வீடு என்றால் தாராவியில் ஒரு அறை, மேலே ஏணி வைத்து ஏறுகிற ஒரு மாலா. தலை நிமிர முடியாத அந்தப் பரணில்தான் நான் படுப்பேன். அண்ணனுக்கு, எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் தைக்கிற தோல்பைகளை ஊரெங்கும் கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. பகல் முழுக்க மோட்டார் சைக்கிளில்தான் இருப்பான். மழைக்காலத்துப் பள்ளங்களில் விழுந்து எழுந்து அவன் டயர்கள் சீக்கிரம் மொட்டையாகிவிடும். ஆனால் டயர்க் கடைக்குப் போகமாட்டான். "அவனுவ கம்பியப் போட்டு நெம்பி ரிம்ம கீறி வச்சிருவானுவ" என்பான். அந்த வண்டியின் ரிம்மில் ஒரு கீறல் விழுந்தால் தன் கன்னத்தில் விழுந்ததாக நினைக்கிறவன்.

ஆகவே டயர் மாற்றுவது வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் நின்று, சந்தில் இருந்த நீல டிரம்களை எல்லாரும் உள்ளே இழுத்த பிறகு, வண்டியைச் சந்தில் நிறுத்தி சக்கரத்தைக் கழற்றி அறைக்குள் உருட்டிக்கொண்டு வருவான். தரையில் சாக்கு விரித்துச் சக்கரத்தைப் படுக்கப்போடுவான். பழைய டயரை எடுப்பது ஒரு பாடு என்றால் புதியதைப் போடுவது பெரும்பாடு. கடைசியில் டயரின் ஓரத்தை ரிம்முக்குள் தள்ளும்போது, ஒரு பக்கம் பட்டைக் கம்பியால் நெம்பி உள்ளே விட்டால் எதிர்ப்பக்கம் வெளியே ஏறி வரும். வராமல் இருக்க எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆள் டயர் மேல் ஏறி மிதித்துக்கொண்டு நிற்க வேண்டும். சும்மா நிற்கக்கூடாது. அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் பட்ட பாடெல்லாம் போச்சு.

அந்த ஆள் நான்தான். பாவாடை கட்டுகிற வயதிலிருந்து நான்தான். அண்ணன் சோப்புத் தண்ணீரைத் தடவி, கம்பியைச் செருகி, "ஏட்டி, ஏறு" என்பான். ஏறி, அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவன் தலைமயிரில் எண்ணெய் வாசம் அடிக்கும். டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க என் முகப்பவுடரை எடுத்துத்தான் அதில் பூசுவான். அம்மா, "பொம்பளப் புள்ளைக்கு வாங்குனத டயருக்குப் பூசுத, வெளங்குமாடே?" என்று கத்துவாள். எனக்குப் பெருமை பிடிபடாது. என் பவுடரைப் பூசிக்கொண்டு அண்ணன் வண்டி பம்பாய் பூராவும் சுற்றுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அவனுக்குக் கல்யாணம் ஆனதும் மாலா அவர்களுக்குப் போய்விட்டது. அது நியாயம்தான், அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. கொஞ்சம் இருந்தது. கீழே அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு, மேலே பலகை கிறீச்சிடும்போதெல்லாம் வேண்டுமென்றே இருமுவேன்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் டயர் ஞாயிறு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. நான் டயர் மேல் நிற்கிறேன். அண்ணன் நெம்புகிறான். புது டயர், முரட்டு ரப்பர், என் கனத்துக்கு அது மசியவில்லை. நான் அப்போது ஊதினால் பறக்கிற உடம்பு. டயரின் ஓரம் என்னையும் தூக்கிக்கொண்டு எழும்பி எழும்பி வருகிறது. அவள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாள்.

என்னிடம் கேட்கவில்லை. சொன்னாள். என் பதிலுக்கு அவள் காத்திருக்கவும் இல்லை. ஒரு காலை என் கால் பக்கத்தில் வைத்தாள், அப்புறம் அடுத்த காலையும் வைத்தாள். அவள் பூரித்த உடம்புக்காரி. டயர் பொத்தென்று அடங்கிவிட்டது. அண்ணன் கம்பியை ஒரே அழுத்து, சடக்கென்று ஓரம் உள்ளே போய் உட்கார்ந்தது. நிமிர்ந்து பார்த்து, "அட!" என்றான். நான் இத்தனை வருஷம் நின்றேனே, எனக்கு ஒரு நாள் ஒரு 'அட' உண்டா?

அடுத்த முறை அவன் "ஏறு" என்றபோது நாங்கள் இரண்டு பேரும் எழுந்தோம். அவன் சிரித்தான். "நீ எறங்கு, மைனி நிக்கட்டும். நீ அந்தச் சோப்புத் தண்ணிய எடுத்துக் குடு."

சோப்புத் தண்ணீர்! என்னை! அதற்கடுத்த முறை நான் விடவில்லை. அரிசிப் பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக டயர் மேல் ஏறி நின்றுவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் உருண்டு உருண்டு சிரித்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. பையின் வாய்க்கட்டு அவிழ்ந்து அரிசி டயருக்குள் கொட்டப் போவதைப் பார்த்து, ஓடிவந்து வாயைப் பிடித்து முடிச்சுப் போட்டாள். "இப்ப நில்லு" என்றாள். அந்தப் பரிவுக்கே அவளை நாலு வைக்கலாம் போல இருந்தது எனக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டயரை மாட்டும்போது கம்பி நுனி டியூபைக் கடித்துவிட்டால் எல்லா வேலையும் வீண். முன்பு ஒரு தடவை நான் ஆசையாகக் கம்பியை வாங்கி நெம்பி அப்படிக் கடித்துவிட்டேன். மண்டையில் நச்சென்று ஒரு கொட்டு வைத்தான் அண்ணன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே காரியத்தை அவளும் செய்தாள். காற்றடித்தால் உஸ் என்று போகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், இப்போது விழும் கொட்டு என்று. "போட்டும் விடு, டியூப்தான?" என்றான். போட்டும் விடாமே! அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்த எரிச்சலில் அடுப்பே மூட்டியிருக்கலாம்.

டியூபுக்குப் பவுடரும் அவளுடையதாகிவிட்டது. அவள் கல்யாணத்துக்கு வந்த ரோஜா வாசனைப் பவுடர். என் டப்பா அலமாரியில் திறக்காமல் கிடந்தது. இனி முழுக்க முழுக்க உனக்குத்தான் என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். யாருக்கு வேண்டும்?

இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் அறை மூலையில் தண்ணீர் புழங்குகிற மோரியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஏட்டி, என்ன எதுக்கு இப்படி மொறைக்க? உங்கண்ணன நான் எங்கயும் தூக்கிட்டுப் போயிர மாட்டேன்" என்றாள்.

"நான் எங்க மொறைச்சேன்? என் கண்ணே அப்படித்தான்" என்றேன்.

"சரி, அந்தக் கண்ணால இந்தச் சட்டியப் பாத்துச் சொல்லு, கரி போயிருக்கான்னு" என்று என் கையில் சட்டியைக் கொடுத்தாள். சண்டை போடக்கூட இடம் கொடுக்கமாட்டாள்.

ஒரு முறை அவளோடு உல்லாஸ்நகருக்கு அவள் தம்பி நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். சயான் ஸ்டேஷனில் ஏறும்போதே டப்பாவில் நிற்க இடமில்லை. அவள் எப்படித்தான் நுழைந்தாளோ, மூன்று பேர் உட்கார்ந்திருந்த ஒரு பலகைக்கு முன்னால் போய் நின்று, "தோடா சரகோ" என்று இந்தியில் அதே வசனத்தைச் சொன்னாள். நகர்ந்தார்கள், உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பாதி இடத்தில் பாதியை எனக்குக் கொடுத்தாள். ஐந்தாவது சீட் என்று ஒன்று அந்த ரயிலில் கிடையாது. பலகையில் இருந்தவர்கள் எங்களை வாய்க்கு வந்தபடி மராத்தியில் ஏசினார்கள். அவள் என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, விழுந்துவிடாமல் தன்னோடு சேர்த்து அணைத்தபடியே வந்தாள். டோம்பிவிலி தாண்டும்போது எனக்கே அவள் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் பார்த்து அண்ணன் எனக்குப் போன் பண்ணினான். "மைனிக்கு சீட்டு கெடச்சுதா?" என்று கேட்டான். "கெடச்சுது" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குக் கிடைத்ததா என்று அவன் கேட்கவே இல்லை. பிரியம் கல்யாண் ஸ்டேஷன் வருவதற்குள் போய்விட்டது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவள் மாலா ஏணியில் வழுக்கி விழுந்து கால் எலும்பில் விரிசல் விட்டு, மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐயோ பாவம் என்று ஊரெல்லாம் வந்து பார்த்தது. நானும்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன், கஷாயம் போட்டேன். ஆனால் மனதின் மூலையில் ஒரு குஷி கிடந்து குதித்தது. பின் டயர் தேய்ந்து நூல் தெரிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரட்டும். காலில் கட்டு உள்ளவள் டயர் மேல் ஏறமாட்டாள் அல்லவா?

ஞாயிறு வந்தது. டிரம்களை உள்ளே இழுத்தேன். சாக்கை நானே விரித்தேன். சோப்புத் தண்ணீர் கரைத்து வைத்தேன். அண்ணன் எழுந்து டீயைக் குடித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். வரும்போது புது டயரோடு வந்தான். கடையில் மாற்றியிருந்தான். ரிம்மைக் கீறிவிடுவான் என்று இத்தனை காலம் சொன்னானே, அந்தக் கடையில்!

நான் விரித்த சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவனுக்கு டயரும் பெரிதில்லை, ரிம்மும் பெரிதில்லை. அவள் எதிரே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவள் இல்லை என்றால் கடையே போதும். அன்றைக்குத்தான் எனக்கு அது விளங்கியது.

எனக்கு முன்னால் அவளுக்குக் கோபம் வந்தது. "வீட்டுல ஆளு இருக்கும்போது கடைக்கு எதுக்குப் போனீய?" என்று கட்டுப்போட்ட காலை நீட்டியபடி கத்தினாள். "இவ காலையிலேருந்து எல்லாம் எடுத்து வச்சிட்டு நிக்கா. கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

அண்ணன் திருதிருவென்று முழித்தான். "சரிட்டி, முன்னால உள்ளதும் தேஞ்சுதான் போச்சு. அடுத்த வாரம் நீ நில்லு" என்றான்.

அடுத்த வாரம் அவன் "ஏறு" என்றபோது நான் ஏறவில்லை. "எனக்கு வேல இருக்கு" என்று சந்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவள் கேட்டு வாங்கித் தந்த இடம் எனக்கு எதற்கு? அண்ணன் தண்ணீர் கேனைத் தூக்கி டயர் மேல் வைத்தான். நெம்பினான். கேன் சாய்ந்து வீடெல்லாம் வெள்ளம். அம்மா எல்லாரையும் ஒருவர் விடாமல் ஏசினாள். ஈரத்தில் போய் டயர் மேல் ஏறி நின்றேன். அவள் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். டயர் உள்ளே போனதும், "அட!" என்றாள். அவள்தான் சொன்னாள். அண்ணன் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகிச் செம்பூருக்குப் போனேன். எங்கள் வீட்டுக்காரர் பஸ்ஸில் போய் வருகிறவர், டயருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வருஷமே அவளுக்கு மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று போனாள். ஏர்போர்ட்டில் அண்ணன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமை யார் நிற்பார்கள் என்றுதான் என் புத்தி போனது.

அண்ணன் டயர்க் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். நானும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பிறகு அவனுக்கும் அங்கே டிரைவர் வேலைக்கு விசா வந்தது. புறப்படுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை போன் பண்ணினான். "வண்டிய விக்கப் போறேன். அதுக்கு முன்ன ரெண்டு டயரும் மாத்தணும். நாளைக்கு வாறியாட்டி?"

வாறியாவா? எங்கள் வீட்டுக்காரர் ஆட்டுக்கறி வாங்கி வைத்திருந்தார். நீங்களே சமைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, சேலை கட்டினால் நிற்கத் தோதுப்படாது என்று சுடிதார் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

சாக்கு விரித்தான். சோப்புத் தண்ணீர் வந்தது. அலமாரியில் அவள் விட்டுப்போன பவுடர் டப்பாவில் அடியில் கொஞ்சம் கிடந்தது, அதைத் தட்டி டியூபில் பூசினான். அறை முழுக்க ரோஜா வாசனை. "ஏட்டி, ஏறு" என்றான். ஏறினேன். இப்போது நானும் பூரித்துவிட்டேன், அரிசிப் பை தேவையில்லை. முன் டயர் ஒரே அழுத்தில் உள்ளே போனது. அண்ணன் அடுத்த சக்கரத்தை எடுக்கப் போய்விட்டான்.

இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. எத்தனை வருஷம் எதற்காக எரிந்தேனோ அது கிடைத்துவிட்டது, சப்பென்று இருந்தது. அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டு பார்க்க ஆள் இல்லை. மாவுக்கட்டோடு உட்கார்ந்து பார்க்கவும் ஆள் இல்லை. யாரைப் பார்த்து முறைப்பது? அவள் பார்க்காமல் இந்த இடத்தில் நின்று எனக்கு என்ன பெருமை?

பின் சக்கரத்துக்கு ஏறி நின்றதும், "அண்ணே, மைனிக்குப் போன் போடு. வீடியோ கால்" என்றேன். அவன் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போட்டான். போனைப் பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்தான். ஆஸ்பத்திரி உடுப்போடு அவள் திரையில் வந்தாள். மெலிந்திருந்தாள். பின்னால் வரிசையாகக் கட்டில்கள், யாரோ துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா பாத்துக்கோங்க மைனி, நான்தான் நிக்கேன்!" என்றேன்.

"அட!" என்று சிரித்தாள். "ரெண்டு காலையும் சேத்து வைட்டி, சோப்பு வழுக்கும்" என்றாள். அம்மா சாப்பிட்டாளா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டாள். அண்ணன் எனக்குப் பின்னால் குனிந்து, மூச்சைப் பிடித்துக் கம்பியை அழுத்திக்கொண்டிருந்தான். டயரின் ஓரம் பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. இன்னும் ஒரு அழுத்துத்தான். போனில் அவள் கழுத்தை இப்படியும் அப்படியும் நீட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாள். "உங்கண்ணன் மொகம் தெரியல்ல."

டயர் மேல் நிற்கிறவள் அசையக்கூடாது. எனக்குத் தெரியாதா அது?

தள்ளிக்கொண்டேன். சடக்கென்று டயர் முழுக்க வெளியே வந்துவிட்டது. மண்டையில் கொட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால், அண்ணன் கம்பியைக் கீழே போட்டுவிட்டுப் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.